அந்த வெத்தலையை நான் வாங்கலை

நெஞ்சு வலியெல்லாம் ஒண்ணுமில்ல தம்பி, பயப்படாதீங்க. வேர்க்குது, அவ்வளவுதான். டி.டி.ஆரைக் கூப்பிட வேண்டாம், டாக்டரும் வேண்டாம். முக்கியமா எம் பொண்டாட்டியை எழுப்பிராதீங்க. அவ தூங்கட்டும்.

ஏசிப் பெட்டியில நீங்க கழுத்து வரைக்கும் போர்வையை இழுத்துப் போத்தியிருக்கீங்க, நான் சட்டை நனைஞ்சு உக்காந்திருக்கேன். பாக்கிறவங்களுக்குத் திக்குன்னுதான் இருக்கும். கொஞ்ச நேரத்துல அடங்கிரும். இப்படி எதுத்தாப்புல உக்காருங்க. அந்தப் படுக்கைக்கு ஆள் வராது. எம் மகளுக்கு எடுத்த டிக்கெட்டு அது. கவுகாத்தியில எங்க கூட ஏறியிருக்கணும். ஏறலை.

நீங்க பட்டாளமா? முடி வெட்டைப் பாத்தாலே தெரியுது. எந்த ஊரு? கமுதியா, சரிதான். லீவுல போறீங்க, வீட்டுல காத்திருப்பாவ. நான் திசையன்விளை. உரக்கடை வச்சிருக்கேன். பேரு சிவனணைஞ்சபெருமாள். எங்க பக்கம் வந்து கல்யாணப் பேச்சுன்னு சொன்னீங்கன்னா எம் பேரைத்தான் சொல்லுவாவ. ரெண்டு வீட்டுக்காரனும் முறைச்சுக்கிட்டு நிக்கிற இடத்துல கூட நான் போய் உக்காந்தா பேச்சு முடிஞ்சிரும். பெருமைக்குச் சொல்லலை.

அதுல ஒரு முறை இருக்கு பாத்துக்கிடுங்க. பேச்சு முடியாம அந்த வீட்டுல சாப்பாட்டுல கை நனைக்கக் கூடாது. பேச்சு முடியாம அந்த வீட்டு வெத்தலையைக் கையில வாங்கக் கூடாது. எல்லாம் ஒத்து வந்தப்புறம் தட்டுல வச்சு மாத்துவோம். அதை வாங்கி வாயில போட்டுக்கிட்டு நான் சத்தமா ஒரு வார்த்தை சொல்லுவேன், "வெத்தலை போட்டாச்சு." அதோட சரி. அதுக்குப் பிறகு எவனும் வாயைத் திறக்கப்பிடாது. எம் மக பூங்கனி சின்னப் பிள்ளையில எம் மடியில உக்காந்து இந்த வார்த்தையைக் கேட்டு வளந்தவ. அவளுக்கு எல்லாம் தெரியும். தெரிஞ்சுதான் இப்படிப் பண்ணிட்டா.

ஷில்லாங்ல ஒரு ஆஸ்பத்திரியில நர்ஸா இருக்கா. எங்களுக்கு ஒரே பிள்ளை. திடீர்னு போன் போட்டு, எப்பா, நான் ஒருத்தரைக் கட்டிக்கிடலாம்னு இருக்கேன், நீங்களும் அம்மாவும் வந்து பாருங்கங்கா. அந்த ஊருப் பையன். ஷான்போர்னு பேரு. அதே ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே எடுக்கிறான். சரி வாரோம்னேன். போறதுக்கு ரெண்டு டிக்கெட்டு, வாரதுக்கு மூணு டிக்கெட்டு எடுத்தேன். கையோட கூட்டிட்டு வந்திரணும், அதுதான் எம் முடிவு. நான் கோவக்காரன் இல்ல தம்பி. யோசிச்சுத்தான் எடுத்தேன்.

அந்த ஊருக்குப் போறது அதுதான் முதல் தடவை. கவுகாத்தியில இறங்கி டாக்சி. மலையில ஏற ஏற ஒரே குளிரு. எம் பொண்டாட்டி தங்கபுஷ்பம் சேலைத் தலைப்பைத் தலையில போட்டுக்கிட்டு நடுங்குதா. டிரைவர் என்னடான்னா சட்டைப் பித்தானை அவுத்து விட்டுட்டு ஓட்டுதான், நெத்தியில வேர்வை நிக்குது. என்னடா இதுன்னு பாத்தா வாயில வெத்தலை. அவிய ஊருப் பாக்கு ஒரு தினுசு. காய வைக்காம, தோலோட ஈரமா வகுந்து, சுண்ணாம்பு தடவின வெத்தலையோட போடுதான். போட்ட உடனே காது ரெண்டும் சூடாகி உடம்பு வேர்த்திருமாம். குளிருக்கு அதுதான் மருந்துங்கான். எனக்கும் ஒண்ணு நீட்டுனான். நான் வேண்டாம்னுட்டேன். இவனைப் பையன் வீட்டுக்காரவ அனுப்பலைன்னு எனக்கு எப்படித் தெரியும்?

அப்படியெல்லாம் சந்தேகப்படலாமான்னு பாக்கீங்க. சந்தைக்குப் போனோம், வெத்தலை விக்கிற பொம்பளை ஒண்ணை நீட்டுதா. செருப்புக் கடையில உக்காந்தேன், அவன் நீட்டுதான். மக குவார்ட்டர்ஸ் வாட்ச்மேன் நீட்டுதான். ஊரே சேந்து என் கையில வெத்தலையைத் திணிக்கப் பாத்தா நான் என்ன நெனைக்க?

போய் இறங்கின அன்னைக்கே மக பையன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனா. தகரக் கூரை வீடு, சின்னது, நல்ல சுத்தம். வீட்டுலயே முன்னால சாப்பாட்டுக் கடை. பையனோட அம்மாதான் நடத்துதாவ. எல்லாரும் அவியளைக் காங், காங்னு கூப்பிடுதாவ. அக்காங்கிற மாதிரி மரியாதைப் பேச்சாம். கட்டம் போட்ட சால்வையைப் போத்திக்கிட்டு வாசலுக்கு வந்தாவ. வந்ததும் வராததுமா, உக்காருங்கன்னு கூடச் சொல்லலை, ஒரு குட்டித் தட்டுல வெத்தலையும் பாக்கும் வச்சு என் முன்னால நீட்டிட்டாவ.

எனக்கு ரத்தம் கொதிச்சிருச்சு. என்ன தைரியம் பாருங்க. பொண்ணு கேக்கலை, பேச்சு இல்ல, பெரியவங்க இல்ல, நிலைப்படியில வச்சே முடிச்சிரலாம்னு பாக்காவ. நான் ரெண்டு கையையும் பின்னால கட்டிக்கிட்டேன். அந்தம்மா சிரிச்ச முகம் அப்படியே நின்னு போச்சு. நீட்டுன கை நீட்டுனபடி இருக்கு. பையன் தலையைக் குனிஞ்சுக்கிட்டான். எம் மக உடனே அவிய பாஷையில ஏதோ சொன்னா. அந்தம்மா "அய்யோ"ங்கிற மாதிரி ஏதோ சொல்லி, தன் கன்னத்தைத் தொட்டுக் காட்டி, தட்டை எடுத்துட்டு உள்ள போயிட்டாவ.

என்னட்டி சொன்னன்னு கேட்டேன். "அப்பாவுக்குப் பல்லு வலின்னு சொன்னேன்"ங்கா.

அதுக்குப் பிறகு நடந்ததைக் கேளுங்க. உள்ள இருந்து டொக்கு டொக்குன்னு சத்தம். பல்லு இல்லாத கெழடுகளுக்குப் பாக்கு இடிச்சுக் குடுக்கிற இரும்புக் குழாய் இருக்கும்லா, அதுல அந்தம்மா எனக்காக இடிச்சு, மசியா ஒரு உருண்டை பிடிச்சுக் கொண்டாந்து நீட்டுதாவ. எனக்கு முப்பத்திரண்டு பல்லும் கெட்டியா இருக்கு தம்பி. கையை இறுக்கிக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன். புஷ்பம் எனக்குப் பக்கத்துல உக்காந்து தரையையே பாக்கா. வெளிய வந்தப்போ பாத்தா இவ உதடு செவந்திருக்கு. என்னடின்னா பீட்ரூட்டுங்கா. எந்த வீட்டுலட்டி நமக்குப் பீட்ரூட்டு குடுத்தாவன்னு கேட்டேன். முந்தானையால வாயைத் துடைச்சுக்கிட்டு முன்னால நடந்துட்டா.

சாப்பாடும் எடுத்து வச்சாவ. செவப்பரிசிச் சோறு, கறுத்த எள்ளு அரைச்சு ஊத்துன பன்னிக்கறி. மணம் தெருவரைக்கும் அடிக்குது. நான் காலையில இருந்து ஒண்ணும் சாப்பிடலை. ஆனா தொடலை. பல்லு வலிக்காரனுக்கு ஏத்த மாதிரி கஞ்சி வச்சுத் தரட்டுமான்னு அந்தம்மா கேட்டாவளாம். வேண்டாம்னுட்டேன். நான் எதுலயும் முரண்டு பிடிக்கிற ஆள் கிடையாது. முறைன்னு ஒண்ணு இருக்கு, அதுக்குத்தான்.

மக குவார்ட்டர்ஸ்ல ஸ்டவ் வச்சு நாங்களே பொங்கிக்கிட்டோம். ஊர்ல இருந்து நெத்திலிக் கருவாடு கொண்டு போயிருந்தோம். மறுநாள் மத்தியானம் இவ சோத்துக்குக் கருவாட்டுத் துவையல் வச்சா. தம்பி, பொய் சொல்லலை, அப்படி ஒரு துவையல் நான் தின்னதில்ல. கருவாட்டைச் சுட்டு, பச்சமொளகா, இஞ்சி, வெங்காயம் எல்லாம் சேத்து இடிச்சது. நாக்கு ஓரத்துல சுர்ருன்னு என்னமோ ஒண்ணு ஏறுது. ரெண்டாந்தடவை சோறு வாங்கினேன். புஷ்பம், உங் கை இந்தக் குளிர்லதான் விளங்குதுன்னு பாராட்டுனேன். இவளும் மகளும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பாக்காவ. அப்பத்தான் எனக்குப் பொறி தட்டுச்சு. நம்ம வீட்டுத் துவையல்ல நாக்கு எப்பட்டி மரத்துப் போச்சு?

காலையில நான் குளிக்கப் போன நேரம் பாத்து ரெண்டு பேரும் அந்த வீட்டுக்குப் போயிருக்காவ. இவ நம்ம நெத்திலியைக் குடுத்திருக்கா, அந்தம்மா நாக்கு மரத்துப் போற அவிய ஊரு மொளகைப் போட்டுத் துவையல் இடிச்சுக் குடுத்திருக்காவ. பாஷை தெரியாது, ஒரு மண்ணும் தெரியாது, கருவாட்டை வச்சு ரெண்டு பேரும் பேசியிருக்காவ.

நான் தட்டைத் தள்ளிட்டு எந்திரிச்சேன். அந்த வீட்டுல கை நனைக்க மாட்டேன்னு நான் வைராக்கியமா இருக்கேன், எம் பொண்டாட்டி என் கையைப் பிடிச்சு நனைச்சுட்டா. கத்துனேன். எம் மக கத்தலை. அவ கத்தியிருந்தா நான் ஏதாவது சொல்லியிருப்பேன். கையைத் துடைச்சுக்கிட்டு வந்து எம் முன்னால நின்னு மெதுவாத்தான் சொன்னா.

"எப்பா, நீங்க வேண்டாம்னா நான் அவரைக் கட்டிக்கிட மாட்டேன். ஆனா உங்ககூட ஊருக்கும் வர மாட்டேன். இனிமே எப்பவும் வர மாட்டேன். யோசிச்சு ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் கேக்கவும் மாட்டேன், போனும் போட மாட்டேன். நீங்களா சொன்னாத்தான்."

இன்னைக்கு வரைக்கும் நான் சொல்லலை. இப்பவும் போட்டுப் பேசலாம்தான், ஆனா டவர் கிடைக்கலை. உங்க போன்லயா? டவர் நாலு கோடு காட்டுதா? அப்படியா. இருக்கட்டும், இருக்கட்டும்.

மறுநாள் வேர்ப்பாலம் பாக்கப் போறதா ஏற்கெனவே பேச்சு. பள்ளிக்கூடத்துல படிச்சிருப்பீங்களே, சிரபுஞ்சி, மழைக்குப் பேர் போன ஊரு, அதுக்கும் கீழ. அந்தம்மாவுக்குப் பிறந்த ஊரு அந்தப் பக்கந்தான். ஒரே சுமோவுல அஞ்சு பேரும். சாலையில ஒரு பக்கம் மேகம், ஒரு பக்கம் பள்ளம். மக முன்னால உக்காந்து கண்ணாடி வழியா என்னையே பாக்கா. நான் பாத்தா பாக்காத மாதிரி திரும்பிக்கிடுதா.

வண்டி நிக்கிற இடத்துல இருந்து படிக்கட்டு. கீழ இறங்கிக்கிட்டே போகுது, முடியவே மாட்டேங்குது. ரெண்டு பக்கமும் கமுகு மரம் தம்பி. ஒவ்வொரு மரத்துலயும் வெத்தலைக் கொடி ஏறியிருக்கு. ஊரு பூரா நீட்டுனது எங்க இருந்து வருதுன்னு அப்பத்தான் தெரிஞ்சுது. கண்ணுக்குக் குளுகுளுன்னு இருந்துச்சு, அதையும் சொல்லணும். பாலமும் அதிசயந்தான். ஆத்துக்கு ரெண்டு கரையிலயும் ஆலமரம் மாதிரி ஒரு மரம். அதோட வேரைப் பிடிச்சு இழுத்து, பின்னி, அந்தக் கரைக்குக் கொண்டு போய் விட்டிருக்காவ. உசுரோட இருக்கிற பாலம். நடந்தா அசைய மாட்டேங்குது. நான் நடுவுல நின்னு கீழ பாத்தேன். கண்ணாடி மாதிரி தண்ணி.

திரும்பி ஏறும்போதுதான் மழை பிடிச்சுது. ஐப்பசி மழைன்னா நம்ம ஊர்ல தெரியும், இது வேற. வானத்தைக் கவுத்து விட்ட மாதிரி. படியெல்லாம் வழுக்குது. பாதியில எனக்கு மூச்சு வாங்குச்சு. கை விரலு வெறைச்சுப் போச்சு, பல்லு கடகடன்னு அடிக்குது. ஒரு படியில உக்காந்தவன் எந்திரிக்க முடியலை. மக ஓடி வந்து என் நாடியைப் பிடிச்சுப் பாக்கா. அவ முகம் வெளுத்துப் போச்சு. பையன் தன் கோட்டைக் கழத்தி என் மேல போத்துதான். புஷ்பம் அழ ஆரம்பிச்சுட்டா.

அந்தம்மா எம் பக்கத்துப் படியில உக்காந்தாவ. மழையிலேயே பையில இருந்து அந்த இரும்புக் குழாயை எடுத்து, சால்வைக்குள்ள வச்சு டொக்கு டொக்குன்னு இடிச்சாவ. உள்ளங்கையில வச்சு எம் வாய்கிட்டக் கொண்டு வந்தாவ. நான் வாயை மூடிக்கிட்டேன்.

"எப்பா, மருந்துன்னு நெனைச்சுப் போடுங்க"ன்னு மக கெஞ்சுதா. நான் தலையை ஆட்டுதேன், வேண்டாம்னு. செத்தாலும் வேண்டாம்னு. அப்பத்தான் அவ உடைஞ்சு போனா. அந்தம்மாகிட்டத் திரும்பி எல்லாத்தையும் சொல்லிட்டா. பல்லு வலி பொய்யி, எங்க ஊர்ல வெத்தலை வாங்கினா பொண்ணு குடுத்ததா அர்த்தம், அதான் எங்கப்பா இத்தனை நாளும் வாங்கலைன்னு, எல்லாம்.

அந்தம்மா கையை மடக்கிக்கிட்டாவ. மழை அவிய தலையில கொட்டுது. பிறகு பேசினாவ, எம் முகத்தைப் பாத்து. மக அழுதுக்கிட்டே எனக்குச் சொன்னா.

"எப்பா, இது வாசலுக்கு வர்ற யாருக்கும் குடுக்கிறதாம். சண்டைக்காரன் வந்தாலும் குடுப்பாங்களாம். செத்தவங்களைக் கூட, கடவுள் வீட்டு வாசல்ல பாக்குப் போடப் போயிட்டாங்கன்னுதான் சொல்லுவாங்களாம். இதுல வேற ஒண்ணும் கிடையாதாம். ஆனா உங்க ஊர்ல அதுதான் அர்த்தம்னா, நீங்க பயப்பட வேண்டியதில்ல, அவங்கதான் பயப்படணும்ங்காங்க. இங்க மாப்பிள்ளைதான் பொண்ணு வீட்டுக்குப் போறது. பிள்ளையை அனுப்புறது அவங்கதான். அப்படின்னா இத்தனை தடவையும் தெரியாமலே அவங்க பிள்ளையைத் தூக்கி உங்ககிட்ட நீட்டியிருக்காங்க. நீங்க ஒவ்வொரு தடவையும் வேண்டாம்னு கையைப் பின்னால கட்டியிருக்கீங்க."

அதோட விட்டிருக்கலாம். அந்தம்மா விடலை. இன்னொண்ணு கேட்டாவ. மக கண்ணைத் துடைச்சுக்கிட்டு அதையும் சொன்னா.

"உங்க ஊர்ல வெயில் ரொம்பவாமே, அவருக்கு வெயில் தாங்காது, முடியாமப் படுத்துட்டா யாரும் ஏச மாட்டீங்கல்லன்னு கேக்காங்கப்பா."

தம்பி, எத்தனை கல்யாணம் பேசியிருப்பேன். கடைசியில பொண்ணைப் பெத்தவ கதவோரமா வந்து நின்னு இதைத்தான் கேப்பா. எம் பிள்ளைக்கு அது தெரியாது, இது தாங்காது, ஏசிராதீங்கன்னு. நான் உடனே சொல்லுவேன், எங்க பிள்ளை மாதிரி பாத்துக்கிடுவோம்னு. வாய் நிறையச் சொல்லுவேன். அன்னைக்கு அந்தப் படியில என் வாயில இருந்து ஒரு எழுத்து வரலை. குளிருன்னுதான் இன்னும் நெனைக்கேன்.

பையன் என்னை முதுகுல தூக்கித்தான் மேல கொண்டு வந்தான். நான் கேக்கலை. அவனாத்தான் தூக்குனான்.

அதுக்குப் பிறகு அந்தம்மா எனக்கு வெத்தலை நீட்டவே இல்ல. நான் கேட்டதுதானே, கிடைச்சிருச்சு. கிளம்புற அன்னைக்கு டாக்சி ஸ்டாண்டுக்கு வந்தாவ. டிரைவருக்குக் குடுத்தாவ. பக்கத்து வண்டிக்காரனுக்குக் குடுத்தாவ. பெட்டி தூக்குனவனுக்குக் குடுத்தாவ. இவளுக்கு ஒரு பொட்டலமே கட்டிக் குடுத்தாவ. எனக்கு மட்டும் தட்டு வரலை. கும்பிட்டாவ, அவ்வளவுதான். யாரோ மூணாம் மனுசனைக் கும்பிடுற மாதிரி. என்னவோ மாதிரி ஆயிட்டு தம்பி. என்னைப் பந்தியில இருந்து எழுப்பி விட்ட மாதிரி இருந்துச்சு. மக கண்ணாடிக்கு வெளிய நின்னா. நான் ஏதாவது சொல்லுவேன்னு பாத்தா. வண்டி எடுத்துட்டான்.

ஆக, அந்த வெத்தலையை நான் கடைசி வரைக்கும் வாங்கலை. முறை தவறலை. ஊர்ல போய் நாலு பேர்கிட்ட நிமிந்து சொல்லலாம்.

என்ன புஷ்பம், முழிச்சுட்டியா? எதைத் தேடுத? சுருக்குப்பையா? நான் எதுக்கு உன் சுருக்குப்பையை எடுக்கேன். தம்பிகிட்டச் சும்மா பேசிக்கிட்டிருக்கேன். இவ என்ன சொல்லுதா பாருங்க தம்பி. பொட்டலம் பிரிஞ்சு கிடக்காம். என்னை வாயைத் திறந்து காட்டச் சொல்லுதா. வேர்வையைப் பாத்தே தெரிஞ்சு போச்சாம்.

சரி, எடுத்தேன். எடுத்தா என்ன? யாரும் குடுக்கலைல்லா, நானா எடுத்தேன். கதவுகிட்டப் போய் நின்னு போட்டேன். சுண்ணாம்பு சாஸ்தி. காது ரெண்டும் எரிஞ்சு போச்சு, நெஞ்சு படபடன்னு அடிக்குது. வாயைக் கொப்பளிச்சுட்டு வந்து உக்காந்தா நீங்க வந்து நெஞ்சு வலியான்னு கேக்கீங்க.

முறைக்காத புஷ்பம். மகளுக்குப் போன் போடுதேன். தம்பி, அந்தப் போனைக் குடுங்க. நம்பர் எனக்கு மனப்பாடம்.

மணி அடிக்குது.

ஏட்டி, அப்பாதான். இது ஒரு தம்பி போனு. நல்லாத்தான் இருக்கேன். அம்மாவும் நல்லாருக்கா. நீ எங்க இருக்க? அந்த வீட்டுலயா? அந்தம்மா பக்கத்துல இருக்காவளா? சரி. அவியகிட்ட ஒரு வார்த்தை சொல்லணும், அப்படியே மாத்திச் சொல்லு. ஒண்ணும் கூட்டிக் குறைச்சுச் சொல்லாத.

வெத்தலை போட்டாச்சுன்னு சொல்லு.

ஏட்டி. இருக்கியா? தம்பி, டவர் போயிட்டா பாருங்க, சத்தத்தைக் காணும். இல்ல, இருக்கு. அழுதா. ஏட்டி, அழாத, நான் என்ன சொல்லிட்டேன் இப்ப, அவியகிட்டச் சொல்லுன்னேன். சொல்லிட்டியா? என்ன சொல்லுதாவ? சிரிக்காவளா? எதுக்குச் சிரிக்காவ?

பல்லு வலி போயிட்டான்னு கேக்காவளாம் தம்பி.

போயிட்டுன்னு சொல்லுட்டி. அவிய மகனை வெயில்ல விட மாட்டேன்னும் சொல்லு.